இலைப்புள்ளியைத் தாங்கும் கச்சான் (நிலக்கடலை) இனம் எது? தோட்டத்திலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

"இந்தக் கச்சானுக்கு நோயே வராது" என்று யாராவது விதையை நீட்டினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்தில் நோய் இருந்ததா? சுற்றிலும் நோய் இருந்தும் அந்த இனம் நின்று பிடித்திருந்தால் சரி, மேற்கொண்டு பேசலாம். நோயே இல்லாத வருடத்தில் எல்லா இனமும் பச்சைப்பசேல் என்றுதான் நிற்கும். இனங்களைச் சோதிக்கத் தொடங்கும் புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான்: நோய் வந்து சேராத செடியைப் பார்த்து, நோயைத் தாங்கிய செடி என்று எழுதிவிடுவார்கள். கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு தவறைத் தடுப்பதற்காகவே செய்யப்படுபவை.

விவசாயம் படிக்கும் மாணவர்கள், புதிதாக வேலை ஏற்ற விவசாயப் போதனாசிரியர்கள், சொந்தமாக விதை எடுத்து விற்கும் தோட்டக்காரர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு பரப்புக் காணி, ஒரு கைவில்லை, ஒரு கொப்பி, ஒழுங்காகப் பார்த்து எழுதும் பொறுமை. இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம்.

எந்த நோய் என்று முதலில் தெளிவாகுங்கள்

"நோய்க்கு எதிர்ப்பு" என்று பொதுவாக ஒன்று கிடையாது. இலைப்புள்ளியைத் தாங்கும் இனம் அடித்தண்டு அழுகலில் விழுந்துவிடலாம். அதனால் ஒரு சோதனையில் ஒரு நோயை மட்டும் இலக்காக வையுங்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது கச்சானின் இலைப்புள்ளி நோய். டிக்கா நோய் என்றும் சொல்வார்கள்.

இதை உண்டாக்குபவை இரண்டு பங்கசுகள். முன்பருவ இலைப்புள்ளி மண்ணிறமாக, ஓரம் சற்று ஒழுங்கில்லாமல், பெரும்பாலும் மஞ்சள் வளையத்தோடு வரும். அதன் வித்திகள், அதாவது பங்கசு பரவ உதவும் விதை போன்ற நுண்துகள்கள், பெரும்பாலும் இலையின் மேற்புறத்தில் உண்டாகும். பின்பருவ இலைப்புள்ளி இன்னும் வட்டமானது, கருமையானது. அதன் வித்திகள் கீழ்ப்புறத்தில் உண்டாகும். மஞ்சள் வளையத்தை வைத்து மட்டும் பிரித்துவிடாதீர்கள். இனத்தைப் பொறுத்தும் காலநிலையைப் பொறுத்தும் பின்பருவப் புள்ளியிலும் வளையம் தோன்றும். இலையைத் திருப்பிப் பிடித்து, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் அடிப்புறத்தைப் பாருங்கள். புள்ளி கருகருவென்று, மேற்பரப்பு சொரசொரப்பாக, நுண்ணிய கரும்பொட்டுகள் வட்டம் வட்டமாக அடுக்கியிருந்தால் அது பின்பருவப் புள்ளி. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மறக்காது.

துரு நோயும் அதே காலத்தில் வரும். இலையின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் கொப்புளங்கள் இருக்கும்; விரலால் தேய்த்தால் தூள் ஒட்டும். இன்னொரு வேறுபாடும் உண்டு. இலைப்புள்ளி முற்றிய இலை உதிர்ந்துவிடும், துரு முற்றிய இலை காய்ந்தபடி செடியிலேயே தொங்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் தனித்தனியே புள்ளி (மதிப்பெண்) போடுங்கள். ஒரே நிரலில் கலந்து எழுதினால் அந்தத் தரவு எதற்கும் உதவாது.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். சுண்ணாம்பு கூடிய இடங்களில் கச்சான் இரும்புச்சத்தை எடுக்கச் சிரமப்படும். அப்போது இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது நோய் அல்ல. இலைப்புள்ளி அடியிலையில் தொடங்கி மேலே ஏறும், இரும்புக் குறைபாடு குருத்தில் தெரியும். இதை நினைவில் வைத்தால் போதும்.

இனங்களைச் சேர்த்தல்

முதல் முறைக்கு எட்டு முதல் பத்து இனங்கள் போதும். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திஸ்ஸ, வளவ, இந்தி போன்றவற்றில் கிடைப்பதை எடுங்கள். ஊரில் கைமாறிக் கைமாறி வரும் விதைகளையும் சேருங்கள். என்னைக் கேட்டால், இந்த ஊர் விதைகளைச் சோதிப்பதில்தான் உண்மையான பயன் இருக்கிறது. வெளியிடப்பட்ட இனங்களை மற்றவர்களும் பார்ப்பார்கள், ஊர் விதையை நாங்கள்தான் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். அவரை இனப் பயிர்களுக்கும் எண்ணெய்ப் பயிர்களுக்குமான ஆராய்ச்சி நிலையம் அங்குணுகொலபெலஸ்ஸவில் இருக்கிறது. பழைய விதைச் சேகரிப்புகளுக்குக் கன்னொறுவையிலுள்ள தாவர மரபு வளங்கள் நிலையம் இருக்கிறது.

இந்தியாவிலும் நல்ல இனங்கள் உண்டு. கர்நாடகத்தின் தார்வாடில் உருவான ஜீ.பி.பி.டி. 4 பின்பருவ இலைப்புள்ளியையும் துருவையும் தாங்கும். அதன் எதிர்ப்புக் குணம் தென்னமெரிக்கக் காட்டுக் கச்சான் இனம் ஒன்றிலிருந்து வந்தது. திண்டிவனத்தின் டி.எம்.வி. 2 இதற்கு நேரெதிர். எளிதில் நோய்க்கு ஆளாகும் என்பதாலேயே ஹைதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அதை நோய் பரப்பும் நிரைகளுக்குப் பயன்படுத்தியது. இதைப் படித்துவிட்டு, சென்னைக்குப் போகிறவர்களிடம் "பையில் ஒரு பிடி விதை கொண்டுவாங்கோ" என்று சொல்லிவிடாதீர்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அனுமதி பெற்றுத் தனிமைப்படுத்தல் சோதனையைக் கடந்துதான் விதை நாட்டுக்குள் வரலாம். ஒரு பிடி விதையோடு இங்கே இல்லாத நோய் ஒன்று வந்து சேர்ந்தால், வன்னிக் கச்சான்காரர் எல்லோரும் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும்.

சேர்க்கும் இனங்களில் ஒன்று கட்டாயம் நோய்க்கு எளிதில் ஆளாகும் இனமாக இருக்க வேண்டும். ஊரில் வருடா வருடம் முதலில் இலை கொட்டும் கச்சான் எது என்று தோட்டக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதுவே உங்கள் ஒப்பீட்டு இனம். அது இல்லாமல் இந்தச் சோதனையே இல்லை.

ஒரு பரப்பில் அடக்குவது எப்படி

ஒரு பரப்பு ஏறத்தாழ 250 சதுர மீற்றர். பத்து இனம், மூன்று தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் ஒவ்வொரு இனத்துக்கும் 3 மீற்றர் நீளத்தில் இரண்டு நிரை. நிரைக்கு நிரை 45 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 15 சென்ரிமீற்றர் விட்டால் ஒரு நிரையில் 20 செடி, பாத்திக்கு 40 செடி. ஒவ்வொரு பாத்திக்கும் இரு பக்கமும் நோய்க்கு எளிதில் ஆளாகும் இனத்தில் ஒரு நிரை வர வேண்டும். இதைத் தொற்று நிரை என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு பாத்திகளுக்கு நடுவில் ஒரே தொற்று நிரை போதும். அப்படியானால் ஒரு தொகுதியில் 31 நிரை, ஏறத்தாழ 14 மீற்றர் அகலம். மூன்று தொகுதியும் நடுவில் ஒரு மீற்றர் பாதையும் சேர்ந்து 154 சதுர மீற்றர். மீதிக் காணி கரை நிரைகளுக்கும், பின்னால் சொல்லும் இன்னொரு வேலைக்கும் உதவும்.

ஒரு இனத்துக்கு 120 விதை தேவை. முளைக்காதவற்றுக்கும் சேர்த்து 150 எடுத்து வையுங்கள். தொற்று நிரைகளுக்கு 660 விதையும் மேலதிகமும். விதைப்புக்குச் சில நாள் முன்பு கையால் உடையுங்கள். மாதக்கணக்கில் உடைத்து வைத்த பருப்பு முளைப்பில் ஏமாற்றிவிடும்.

எந்த இனம் எந்தப் பாத்தியில் என்பதை உங்கள் விருப்பத்துக்கு வைக்காதீர்கள். பெயர்களைத் துண்டில் எழுதித் திருவுளச்சீட்டுப் போட்டு எடுங்கள், ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாக. கிணற்றடிப் பக்கம் ஈரம் கூடுதலாக இருக்கும், பனைவடலிப் பக்கம் நிழல் விழும். ஒரே இனம் மூன்று தொகுதியிலும் நல்ல பக்கத்திலேயே விழுந்தால், இனத்தின் குணத்தையும் இடத்தின் குணத்தையும் உங்களால் பிரிக்க முடியாது. பாத்திப் பலகையில் இலக்கம் மட்டும் எழுதுங்கள். இனத்தின் பெயர் கொப்பியில் இருந்தால் போதும். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எப்போது விதைப்பது? ஐப்பசி மழையோடு விதைத்தால், பயிர் முற்றும் காலம் முழுக்க மாரி மழையும் மார்கழி, தைப் பனியும் இலையை நனைத்துக்கொண்டிருக்கும். நோய்க்குத் தேவை அதுதான். கோடையில் சோளகம் வீசினால் இலை சீக்கிரம் காய்ந்துவிடும், நோய் பரவாது. தண்ணீர் தேங்காத, சற்று உயர்ந்த காணியாகப் பார்த்து எடுங்கள். வெள்ளம் நின்று செடி செத்தால் அழுகலையும் இலைப்புள்ளியையும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

நோயை வரவழைத்தல்

தொற்று நிரைகளை மற்றவற்றுக்கு ஒரு கிழமை முன்பாகவே விதையுங்கள். சோதனை இனங்கள் இலை விடும்போது பக்கத்தில் நோய் பரப்பும் செடி தயாராக நிற்க வேண்டும். இலைப்புள்ளிப் பங்கசு போன போகத்துக் கச்சான் குப்பையில்தான் உயிரோடு இருக்கும். நோய் கண்ட காய்ந்த கொடிகளைச் சாக்கில் கட்டி, மழை படாத இடத்தில் வைத்திருந்து, தொற்று நிரையின் அடியில் தூவுவது எளிய வழி.

இன்னும் உறுதியாகச் செய்ய வேண்டுமானால் வித்திகளைத் தெளிக்கலாம். பயிருக்கு 35 முதல் 40 நாள் வயதாகும்போது, வேறு கச்சானிலிருந்து புள்ளி நிறைந்த இலைகளைப் பறித்து வாருங்கள். இலைகளைச் சுத்தமான தண்ணீரில் போட்டு மென்மையான தூரிகையால் புள்ளிகளைத் தேய்த்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். ஆய்வுகூட வசதி இருந்தால் நுணுக்குக்காட்டியில் வித்திகளை எண்ணி, ஒரு மில்லிலீற்றரில் 20,000 முதல் 50,000 வரை இருக்கும்படி தண்ணீர் சேர்க்கலாம். வசதி இல்லையென்றால் ஒரே வாளியில் கலக்கிய கரைசலையே எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவில் தெளியுங்கள். எண்ணிக்கை தெரியாவிட்டாலும் எல்லா இனத்துக்கும் சமமாகப் போக வேண்டும். வெயில் சாய்ந்த பிறகுதான் தெளிக்க வேண்டும். பகலில் தெளித்தால் வித்திகள் காய்ந்து வீணாகும்.

தெளித்த அன்றிலிருந்து இலை இரவிரவாக ஈரமாக இருக்க வேண்டும். எங்கள் தோட்டங்களில் வாய்க்கால் வழி பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுவதே வழக்கம். அது வேருக்குப் போகும், இலையை நனைக்காது. மழை இல்லாத நாள்களில் மாலையில் கால் மணி முதல் அரை மணி நேரம் தூவல் முறையில் தண்ணீர் விடுங்கள். தூவி இல்லாவிட்டால் ஹோஸ் முனையில் பூவாளி வாயைப் பொருத்தியும் செய்யலாம். வெப்பநிலை 25 முதல் 30 பாகை, இலையில் நீண்ட நேர ஈரம், இவை இரண்டும் அமைந்தால் பத்துப் பதினான்கு நாளில் முதல் புள்ளிகள் தெரியும்.

பக்கத்துக் காணிக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அவர் வெங்காயத்துக்கோ மிளகாய்க்கோ அடிக்கும் பங்கசு நாசினி காற்றோடு வந்து உங்கள் கரைப் பாத்திகளில் விழுந்தால் சோதனை கெட்டுப்போகும். "அண்ணை, இந்தக் கரைப் பக்கம் மருந்து அடிக்கிற நாளில் எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ, நான் மறைப்புக் கட்டிவிடுறன்" என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் கச்சான் இருந்தால் நிலைமை வேறு. அவருடைய பயிருக்கு நீங்கள் நோயை அனுப்பிவைக்கக் கூடாது. அப்படியான இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம், வேறு காணி தேடுங்கள்.

பார்த்துப் புள்ளி போடுதல்

வேலையின் உயிர்நாடி இது. அவசரப்பட்டால் எல்லாம் வீண்.

ஒன்று முதல் ஒன்பது வரையான அளவுகோலைப் பயன்படுத்துங்கள். இலைப்பரப்பில் நோய் எதுவும் இல்லை என்றால் 1. நூற்றுக்கு 1 முதல் 5 வரை என்றால் 2. 6–10 என்றால் 3. 11–20 என்றால் 4. 21–30 என்றால் 5. 31–40 என்றால் 6. 41–60 என்றால் 7. 61–80 என்றால் 8. அதற்கு மேல் 9.

வெறும் சதவீதத்தைக் கண்ணால் மதிப்பிடுவது புதியவர்களுக்குக் கடினம். அதனால் செடியைக் கீழ், நடு, மேல் என மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். புள்ளிகள் அடியிலைகளில்தான் அதிகம், நடுவில் ஒன்றிரண்டுதான் என்றால் 3. அடியிலும் நடுவிலும் எல்லா இலையிலும் புள்ளி, அடியிலைகளில் பாதிக்கு மேல் கொட்டிவிட்டது என்றால் 5. அடியிலைகள் பெரும்பாலும் இல்லை, நடுவிலும் கொட்டத் தொடங்கிவிட்டது, உச்சியிலும் புள்ளி என்றால் 7. தண்டு மட்டும் குச்சியாக நிற்கிறது என்றால் 9. இந்த நான்கு நிலைகளையும் தொற்று நிரையில் தேடிப் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் அந்தப் படங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள்.

ஒருவர் பாத்தியைப் பார்த்து இலக்கத்தைச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். பார்ப்பவர் கடைசி வரை ஒரே ஆளாக இருக்க வேண்டும். எந்தப் பாத்தியில் எந்த இனம் என்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. பாத்திப் பலகையில் பெயர் வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான். "இது நல்ல இனம்" என்று மனதில் இருந்தால் கண் தானாகவே ஒரு புள்ளியைக் குறைத்துப் போடும். நேர்மையான மனிதர்களுக்கும் இது நடக்கும்.

உதிர்ந்த இலையை மறக்கக் கூடாது. நோய் முற்றிய இலைகள் கொட்டிப்போனால், மிஞ்சிய இலைகள் சுத்தமாகத் தெரியும்; செடி நன்றாக இருக்கிறது என்று தோன்றும். பாத்திக்கு ஐந்து செடியில் நூல் கட்டி, நடுத்தண்டின் கணுக்களை எண்ணுங்கள். 20 கணுவில் 8 கணு வெறுமையாக இருந்தால் இலை உதிர்வு 40 சதவீதம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதுமையாலும் அடியிலை கொட்டும். குறுகிய வயதுள்ள இனம் சீக்கிரம் கொட்டும், நீண்ட வயதுள்ளது பிந்திக் கொட்டும். அதை நோய் எதிர்ப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பரப்பில் மீதியிருக்கும் காணி இங்கேதான் கைகொடுக்கும். ஒவ்வொரு இனத்திலும் ஒரு நிரையை, சோதனைப் பாத்திகளிலிருந்து தள்ளி, காற்று அவற்றின் பக்கம் வீசாத இடத்தில் நட்டு, பங்கசு நாசினி அடித்து நோயில்லாமல் வளருங்கள். அந்த நிரையில் கொட்டுவது வயதால் கொட்டுவது. அதற்கு மேல் சோதனைப் பாத்தியில் கொட்டுவது நோயால் கொட்டுவது.

ஒரு தடவை போதாது

அறுவடைக்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்துப் புள்ளி போடுவது பலர் செய்வது. அது பாதி உண்மையைத்தான் சொல்லும். விதைத்து 45, 55, 65, 75 ஆம் நாள்களில் பாருங்கள், முடிந்தால் 85 ஆம் நாளிலும் பாருங்கள்.

உதாரணத்துக்கு இரண்டு இனங்களை எடுப்போம். நோய் கண்ட இலைப்பரப்பு முதல் இனத்தில் 5, 10, 40, 60 என்று ஏறுகிறது. இரண்டாவதில் 5, 30, 55, 60. கடைசி நாளில் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் இனம் காய் திரளும் நாள்களில் பெரும்பாலான இலையைக் காப்பாற்றி வைத்திருந்தது. இந்த வேறுபாட்டை இலக்கமாக்க, அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளின் சராசரியை இடைப்பட்ட நாள்களால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். முதல் இனத்துக்கு 7.5, 25, 50 என்ற சராசரிகளைப் பத்தால் பெருக்கிக் கூட்ட 825 வரும். இரண்டாவதுக்கு 17.5, 42.5, 57.5, ஆக 1,175. குறைவாக வருவது நல்லது. நோய் முன்னேற்ற வளைகோட்டின் கீழான பரப்பு என்று பாடநூல்களில் நீளமான பெயரில் வருவது இந்தக் கணக்குத்தான்.

கச்சானில் இலைப்புள்ளிக்கு முழு எதிர்ப்பு என்பது அரிது. தாங்கும் இனங்கள் நோயை மெதுவாக்கும். புள்ளி பிந்தித் தோன்றும், சிறிதாக இருக்கும், குறைவான வித்திகளை உண்டாக்கும், இலை பிந்திக் கொட்டும். அதனால் புள்ளியே இல்லாத செடியைத் தேடி ஓடாதீர்கள். மெதுவாக நோய் ஏறும் செடியைத் தேடுங்கள்.

முடிவை எப்படி வாசிப்பது

எந்த இனத்தையும் பார்க்கும் முன் தொற்று நிரையைப் பாருங்கள். அது எல்லாத் தொகுதியிலும் 8 அல்லது 9க்கு வந்திருந்தால் சோதனை செல்லும். 4, 5 என்று நின்றுவிட்டால் அந்தப் போகத்தில் நோய் போதவில்லை. எந்த இனத்தையும் எதிர்ப்புள்ளது என்று எழுத முடியாது. கொப்பியில் அப்படியே குறித்துவிட்டு அடுத்த மாரியில் திரும்பச் செய்யுங்கள். மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் பொய்யான நல்ல செய்தியை நம்பி விதைக்கிற ஒரு குடும்பத்தின் கஷ்டம் அதைவிடப் பெரியது.

செல்லும் என்றால், கடைசிப் புள்ளி 3 வரை உள்ளவற்றை எதிர்ப்புள்ளவை என்றும், 4, 5 நடுத்தர எதிர்ப்பு என்றும், 6, 7 ஓரளவு எளிதில் ஆளாகுபவை என்றும், 8, 9 முற்றாக ஆளாகுபவை என்றும் பிரிப்பது பரவலான வழக்கம். மூன்று தொகுதியிலும் 3, 3, 4 என்று வந்த இனத்தை நம்பலாம். 2, 3, 7 என்று வந்தால் அந்த 7 வந்த பாத்திக்குப் போய்ப் பாருங்கள். விதைக் கலப்பா, அல்லது மற்ற இரண்டு பாத்திகளுக்கும் நோய் போய்ச் சேரவில்லையா? பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

சந்தேகமான இனத்துக்குப் பறித்த இலைச் சோதனை உதவும். இலையைக் காம்பின் அடிப்புடைப்போடு வெட்டி, ஈர மணல் நிரப்பிய தட்டில் காம்பைக் குத்தி நிறுத்தி, வித்திக் கரைசலைத் தெளித்து, பொலித்தீன் மூடி நிழலில் வையுங்கள். முதல் புள்ளி எத்தனையாவது நாளில் வருகிறது, எத்தனை புள்ளி, என்ன அகலம் என்று குறித்து வாருங்கள். நோய் போய்ச் சேராததால் தப்பிய இனம் இங்கே மாட்டிக்கொள்ளும்.

அறுவடையில் காயைக் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். நோயைத் தாங்கினாலும் காய் சிறுத்து, தோல் தடித்திருந்தால் தோட்டக்காரர் அதை வாங்க மாட்டார். பச்சை இலையோடு அறுவடையாகும் இனத்துக்கு இன்னொரு பெறுமதி உண்டு. கச்சான் கொடி ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்ல தீனி, இலை கொட்டிய குச்சியில் என்ன இருக்கிறது? கொடியையும் தனியே நிறுத்து எழுதுங்கள்.

அடித்தண்டு அழுகலைச் சோதிக்க விரும்புபவர்கள் இந்த முறையைப் பின்பற்ற முடியாது. அந்தப் பங்கசு மண்ணில் இருக்கிறது. செடியின் கழுத்தில் வெள்ளைப் பூசணமும் கடுகளவு மண்ணிற உருண்டைகளும் தெரியும், வெங்காயத்தையும் கௌபியையும்கூடத் தாக்கும். அதைத் தோட்ட மண்ணில் கலக்காமல் சாடிகளில் மட்டும் சோதியுங்கள். ஒருமுறை மண்ணில் சேர்ந்தால் அந்த உருண்டைகள் வருடக்கணக்கில் கிடக்கும்.

முதல் போகத்தில் தேறிய மூன்று நான்கு இனங்களை அடுத்த மாரியில் இரண்டு இடத்தில் போடுங்கள்: ஒன்று வலிகாமத்துச் செம்மண், மற்றது வடமராட்சி கிழக்கு மணல். இரண்டு போகமும் இரண்டு மண்ணும் கண்ட பிறகே விதையைப் பிறருக்குக் கொடுங்கள். சோதனைக் காணியிலுள்ள கச்சான் குப்பையை ஒன்றுவிடாமல் கூட்டி அகற்றுங்கள். அடுத்த மழைக்குத் தானாக முளைக்கும் செடிகளையும் பிடுங்குங்கள், துரு அவற்றில்தான் ஒளிந்திருக்கும். அந்தக் காணியில் அடுத்த போகம் கச்சான் வேண்டாம், வேறு பயிர் வையுங்கள்.